உறைப்புக் கற்கண்டு

சென்ற வருடம் ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாரிசுக்கு வடக்கே ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் நடந்த சம்பவம் இது. ஆனால் அதற்குக் காரணமான பொருள் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், என் வீட்டில் சமையல் சாமான் வைக்கும் குசினித் தட்டில், ஒரு பழைய போத்தலுக்குள் மாதக்கணக்காகச் சும்மா கிடந்தது. அது யப்பானிலிருந்து வந்தது. ஆகவே கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பாரிசின் நடுவே ஓப்பராப் பக்கம் ஒரு யப்பானிய உணவகத்தில் சமையல் வேலை செய்கிறேன். வெளியே இருப்பவர்கள் யப்பானியக் கைவண்ணம் என்று வியந்து வியந்து சாப்பிடுவார்கள். உள்ளே சுசி உருட்டுகிற கைகள் எல்லாம் யாழ்ப்பாணத்துக் கைகள். முதலாளியும் அவர் மனைவியும் மட்டுமே அசல் யப்பான். அந்த அம்மாவை நாங்கள் மதாம் என்று கூப்பிடுவோம். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரும்போது, வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பை இனிப்புக் கொண்டுவருவார். அது அவர்கள் நாட்டுப் பழக்கமாம். கொடுத்துவிட்டுப் போகமாட்டார், பக்கத்திலேயே நிற்பார். நாங்கள் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டு, தலையை ஆட்டி, மெர்சி சொன்ன பிறகுதான் நகருவார்.

இதில் சிக்கல் என்னவென்றால், யப்பானியர் எதை வைத்து இனிப்புச் செய்வார்கள் என்று முன்கூட்டி ஊகிக்க முடியாது. ஒரு வருடம் உப்பில் ஊறப்போட்ட புளிப்புப் பழத்தின் சுவை. அது பரவாயில்லை, மாங்காயை உப்பும் தூளும் தொட்டுத் தின்று வளர்ந்த வாய்க்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இன்னொரு வருடம் சோயா சோஸ். இன்னொரு வருடம் சோளச் சூப். கடற்பாசி இனிப்பு வந்த வருடம், என்னோடு வேலை செய்கிற ஒருவர் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துக்கொண்டு, மதாம் போகும் வரைக்கும் வாயைத் திறக்காமல் வெங்காயம் வெட்டினார். மிச்சத்தை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவேன். தின்பண்டத்தை எறிய மனம் வராது.

அவற்றைத் தின்ன எனக்கு ஒரு துணை இருந்தது. என் அண்ணை. அவர் ஆர்ஜொந்தெய்யில், பாரிசுக்கு வெளியே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சென்லசார் ரயில் நிலையத்தில் இறங்கி மெத்ரோ பிடித்து லா சப்பலுக்கு மீனும் மரக்கறியும் வாங்க வருவார். பைகளோடு என் வீட்டு மாடி ஏறி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். கட்டிட வேலையில் காலம் தள்ளியவர், பேச்சுக் குறைவு. நான் நீட்டுகிற இனிப்பை வாயில் போட்டு ஒரு தீர்ப்புச் சொல்லுவார். உப்புப் பழத்துக்கு, "இது சரி." கடற்பாசிக்கு, "கடல்." சோளச் சூப்புக்கு, "இதை ஏன் செய்தவங்கள்?"

போன வருடம் மதாம் கொண்டுவந்தது வசாபி இனிப்பு. சுசிக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு பொட்டு வைப்போமே, அதுதான் வசாபி. எங்கள் மிளகாய் நாக்கில் நின்று சண்டை போடும். இது நாக்கைத் தொடாமல் மூக்கு வழியே நேரே மண்டைக்கு ஏறி, கண்ணைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதது போல் இறங்கிப் போய்விடும். அந்த இனிப்பு வெள்ளை வெளேரென்று, சின்னச் சின்னக் கட்டிகளாக, பார்வைக்கு அச்சு அசல் கற்கண்டு.

அண்ணை ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். முகம் சிவந்தது. இரண்டு கண்ணாலும் பொலபொலவென்று நீர் வந்தது. உடனே கதிரையை விட்டு எழுந்து, யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"உனக்கென்ன விசரே?" என்றார், முதுகைக் காட்டியபடி.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்கிற பொம்பிளையையும் அழுகிற ஆம்பிளையையும் நம்பக்கூடாது எண்டு தெரியாதே?"

"அழேல்லையே அண்ணை. வசாபிதானே."

"அது பாக்கிறவனுக்குத் தெரியுமே?"

அண்ணை அழுது நான் பார்த்ததில்லை. ஊரில் அம்மா இறந்தபோது எங்கள் இருவருக்கும் போக வழியில்லாத காலம். நான் குசினியில் குந்தியிருந்து அழுதேன். அவர் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு வேலைக்குப் போனார். கல் மனம் என்று சொல்லமாட்டேன். அழுகிறது வேறு யாரோ செய்யவேண்டிய வேலை என்று அவர் நினைத்திருந்தார், அவ்வளவுதான்.

மிச்ச வசாபி இனிப்பைப் பை கிழிந்துபோனதால் ஒரு போத்தலில் கொட்டி வைத்தேன். எங்கள் வீடுகளில் போத்தலின் மேல் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் எந்த உறவும் கிடையாது. கோப்பிப் போத்தலில் வெந்தயம் இருக்கும், பழ யாம் போத்தலில் மிளகு இருக்கும், பிஸ்கற் டின்னில் ஊசி நூல் இருக்கும். வீட்டுக்காரிக்கு மட்டும் எது எங்கே என்று தெரியும். இந்தப் போத்தலை வைத்தது நான் என்பதால் அவளுக்கும் தெரியாது.

இனி அண்ணையின் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளை. இங்கே பிறந்து, இங்கே படித்து, ஒரு நல்ல அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பக்கத்து ஊரான எபினேயில் இருக்கும் ஒரு பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பையனை விரும்பியிருந்தாள். கத்தோலிக்கர். தாய்க்கு, அதாவது எங்கள் அண்ணிக்கு, விஷயம் தெரியும். அண்ணையிடம் நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருவரும் காத்திருந்தார்கள். லா சப்பலில் அப்படிக் காத்திருக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை மீன்கடையில் நின்றபோது, மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நல்ல மனதோடு, "அண்ணை, மகளின்ரை கலியாணம் எப்ப?" என்று கேட்டிருக்கிறார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, அண்ணையைத் தவிர.

வெட்டிய மீனை அங்கேயே விட்டுவிட்டு என் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தார்.

"வேதக்காரர், பாண்டிச்சேரிக்காரர் எண்டது பிறகு கதைக்கலாம்," என்றார். "என்ரை பிள்ளையின்ரை விசயத்தை நான் மீன்கடையிலை நிண்டோ அறிய வேணும்?"

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

பிறகு ஒருவாறு சம்மதித்தார். எங்கள் முறைப்படி தாலி கட்டுவது ஒரு நாள், அடுத்த கிழமை தேவாலயத்தில் பூசை என்று முடிவானது. ஆனால் அண்ணை ஒரு நிபந்தனை போட்டார். "நான் வாறன். விருந்துக்கு வாறமாதிரி வந்து இருந்திட்டுப் போவன். தாரை வாக்க நான் இருக்க மாட்டன். நீ இரு."

சைவக் கல்யாணத்தில், பெண்ணின் தாயும் தகப்பனும் மணவறையில் இருந்து, மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து நீர் வார்த்துக் கொடுப்பதுதான் தாரை வார்ப்பது. தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சித்தப்பன் வார்க்கலாம். தகப்பன் குத்துக்கல்லாட்டம் மண்டபத்தில் இருக்கும்போது சித்தப்பன் வார்த்தால் அது வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கொடுப்பது போலத்தான். அதைவிட, அண்ணை இல்லாவிட்டால் அண்ணியும் இருக்க முடியாது. பெற்றவர்கள் இருவரும் மற்ற விருந்தாளிகளோடு கதிரையில் இருந்து பார்க்க வேண்டும்.

அண்ணையின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். "சித்தப்பா, நீங்கள் இருக்கிறது எனக்குச் சந்தோசம்தான். ஆனா அப்பா மணவறைக்கு வராட்டி நான் அங்கை ஆரின்ரை பிள்ளையா இருக்கிறது?" என்றாள். மிச்சத்தைப் பிரெஞ்சில் சொன்னாள், தமிழில் சொன்னால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. நான் தெரிந்தவரைக்கும் அண்ணையோடு கதைத்தேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

கல்யாண நாள் வந்தது. தாரை வார்க்கிறவர் விரதம் இருக்க வேண்டும் என்பதால் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, தகப்பனல்லாத தகப்பனாக மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணை கோட்டும் சூட்டும் போட்டு வந்திருந்தார். வேட்டி கட்டாமல் வந்ததிலேயே அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். வாசலுக்கு ஒரு பக்கமாக, கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நின்றார். மகள் உள்ளே அலங்கார அறையில் இருந்தாள்.

வாசலில் வழக்கம்போல ஒரு மேசை. சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு, கற்கண்டுக் கிண்ணம். மேசைக்குப் பொறுப்பு என் மனைவி. எல்லாம் கொண்டுவந்தவள் கற்கண்டு மட்டும் வாங்க மறந்துவிட்டாள். நல்லவேளை, புறப்படும்போது குசினித் தட்டில் ஒரு போத்தல் நிறையக் கற்கண்டு இருக்கக் கண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பைக்குள் போட்டு வந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் அதை அவசரமாகக் கிண்ணத்தில் கொட்டினாள். நான் அப்போது உள்ளே ஐயரோடு நின்றேன்.

பிறகு நடந்ததைப் பாதி கண்ணால் பார்த்தேன், பாதி வீடியோவில் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர். மெலிந்த, மரியாதையான மனிதர். இறங்கியதும் நேரே அண்ணையிடம் வந்து, "வணக்கம் சம்பந்தி," என்று கை கூப்பினார். அண்ணை கட்டிய கையை அவிழ்க்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் என் மனைவி சந்தனக் கிண்ணத்தை இருவருக்கும் நடுவே நீட்டினாள். பழக்கம் பொல்லாதது. அண்ணையின் விரல் தானாகச் சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தது, கை தானாகக் கற்கண்டை எடுத்து வாயில் போட்டது. சம்பந்தி அவரைப் பார்த்து, அதே ஒழுங்கில், அதே அளவு எடுத்து வாயில் போட்டார்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஏறியது. அண்ணையின் முகம் சிவந்து கண்ணீர் ஓடியது. சம்பந்தி மூச்சு முட்டி, விழுந்துவிடாமல் இருக்க அண்ணையின் தோளைப் பிடித்தார். அவர் விழப்போகிறார் என்று அண்ணை அவரை அணைத்துப் பிடித்தார். வீடியோக்காரர் பாய்ந்து வந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து, "ஐயோ, மனுசன் உடைஞ்சு போச்சு, பாருங்கோ," என்று ஒரு குரல் கேட்டது. ஒரு மூதாட்டி சேலைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்தார்.

நான் ஓடிப்போனபோது சம்பந்தி கண்ணைத் துடைத்தபடி, மிகவும் தாழ்ந்த குரலில் அண்ணையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. இது உங்க பக்கத்து வழக்கமுங்களா?"

நான் வாயைத் திறந்தேன். "அண்ணை, அது வந்து..."

அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். பிறகு அவர் சம்பந்தியின் பக்கம் திரும்பினார்.

"ஓம்," என்றார். "எங்கடை வழக்கம். சம்பந்தியள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் தின்ன வேணும்."

"நல்ல வழக்கமுங்க," என்றார் அவர், மூக்கை உறிஞ்சியபடி. "இன்னொண்ணு எடுத்துக்கணுமா?"

"ஒண்டு காணும்."

இதுதான் இரண்டு தகப்பன்மாரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு. அண்ணை அவரைக் கையைப் பிடித்து முன்வரிசையில் கொண்டுபோய் இருத்தியதை நான் பார்த்தேன். பிறகு அண்ணை ஆளைக் காணவில்லை.

நான் கிண்ணத்தை எடுத்துப்போய்க் குப்பையில் கவிழ்த்துவிட்டு, கழுவித் துடைத்து, ஐயரின் சாமான்களுக்குள் இருந்து ஒரு புதுக் கற்கண்டுப் பைக்கற்றை வாங்கிப் பிரித்துக் கொட்டிக்கொண்டு வந்து வைத்தேன். யாரையும் நம்பாமல் மேசைக்குப் பக்கத்திலேயே காவல் நின்றேன். என் மனைவி பார்த்த பார்வைக்கு விளக்கம் தேவையில்லை. போத்தலில் என்ன இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் சொன்னேன்.

ஐயர் ஒலிவாங்கியில், "பெண்ணின்ரை தாய் தேப்பன் வாங்கோ," என்று கூப்பிட்டார். நான் சால்வையைச் சரிசெய்து, மனைவியையும் கூப்பிட்டுக்கொண்டு ஒரு அடி வைத்தேன். அப்போது ஓரமாக, சுவரோடு ஒருவர் பட்டு வேட்டியோடு வந்தார். அண்ணை. பின்னால் அண்ணி, கையில் ஒரு துணிப் பை. தேவைப்படாது என்று தெரிந்தும் வேட்டியை அவள் அதற்குள் மடித்து எடுத்துவந்திருந்தாள், இப்போது அதற்குள் கோட்டும் சூட்டும் இருந்தன.

"நீ இஞ்சை நில்லு," என்றார் அண்ணை. "நான் போறன்."

"அண்ணை, விரதமெல்லே..."

"விடியத்தொட்டு நான் தேத்தண்ணியும் குடிக்கேல்லை."

விருந்தாளியாக வந்தவர் எதற்கு விரதம் இருந்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் மேசையில் குனிந்து, கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மணவறைக்குப் போனார். கற்கண்டு விரதத்தை முறிக்குமா என்று அவர் ஐயரைக் கேட்கவில்லை.

மணவறையில் அண்ணையைக் கண்டதும் மகளின் முகம் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெரியாது. அண்ணை அவள் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். அண்ணி செம்பைச் சரித்தாள். நீர் விழுந்தது. அதோடு அண்ணையின் கண்ணீரும் விழுந்தது. ஒன்றிரண்டு துளி இல்லை. தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது, ஐயர் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். அந்த மனிதர் எத்தனையோ காலமாக வேறு யாருக்கோ விட்டுவைத்த வேலையெல்லாம் ஒரே நேரத்தில் தலையில் ஏறிவிட்டது போலிருந்தது.

பிறகு சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"கற்கண்டு உறைக்குது."

முன்வரிசையில் இருந்த சம்பந்தி விஷயம் தெரிந்தவர் போலத் தலையாட்டி, "ஆமா, ரொம்பக் காரம்," என்று தன் சொந்தக்காரர்களுக்கு விளங்கப்படுத்தினார். அண்ணி மட்டும் நம்பாமல், மண்டபத்தைக் கடந்து வாசல் பக்கம் என்னைத் தேடிப் பார்த்தாள். அவளுக்குக் கேட்கும்படி, "ஓம் அண்ணி, சரியான உறைப்பு," என்றேன்.

தாலி கட்டி முடிந்து, சனம் சாப்பாட்டுப் பக்கம் போன பிறகு, நான் என் விரதத்தை முடிக்க அதே கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். ஐயரின் கற்கண்டு, நான் பிரித்துக் கொட்டியது. இனிப்பைத் தவிர அதில் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

கிண்ணத்தில் கற்கண்டை மாற்றியதை நான் அண்ணையிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்த நாக்குக்குத் தெரியாமல் போயிருக்காது, சோளச் சூப்பையும் கடற்பாசியையும் கண்டுபிடித்த நாக்கு அது. வாசலில் அண்ணையும் சம்பந்தியும் கட்டிப்பிடித்து அழுகிற படம் இப்போது எபினேயிலும் ஆர்ஜொந்தெய்யிலும் சுவரில் தொங்குகிறது. போன மாதம் சம்பந்தி தன் இளைய மகளின் கல்யாணத்துக்காக லா சப்பலுக்கு வந்து, கடை கடையாக யாழ்ப்பாணத்துக் காரக் கற்கண்டு கேட்டு அலைந்திருக்கிறார். எந்தக் கடையிலும் இல்லாமல் கடைசியில் அண்ணைக்குப் போன் எடுத்திருக்கிறார். அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, உங்கடை மதாம் எப்ப ஊருக்குப் போறா?"

மதாமிடம் சொல்லி வைத்திருக்கிறேன், இந்த முறை இரண்டு பையாக. எனக்கு எந்தச் சுவை மிகவும் பிடித்தது என்று அவர் கேட்டார், வசாபி என்றேன், அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு மனிதன் தான் அழுததற்கு எதையாவது சாட்டாகச் சொன்னால், அது பொய் என்று தெரிந்தாலும், "ஓம், உறைப்புத்தான்" என்று சொல்லிவிட்டு அவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை நான் அந்த இனிப்புக் கற்கண்டிடமிருந்துதான் படித்தேன்.